மின்கம்பிக்குக் கீழே, களிமண்ணில், எந்தப் பசுமைமாறா மரம்?

வெயில்வாசல் கேட்கிறார்:
சாலைக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு நிலம். மேலே ஓர் அடிக்குக் கட்டட இடிபாடு, கீழே களிமண். மழையில் சேறு, கோடையில் வெடிப்பு, எப்போதும் வாகனப் புழுதி. ஒரு பாதிக்கு மேலே மின்கம்பி போகிறது. மொட்டையாக நிற்காத மரம் வேண்டும். மகிழமா, நெட்டிலிங்கமா?

நாற்றுமேடை:
முதலில் குழியைச் சோதியுங்கள், மரம் பிறகு. இரண்டடி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் மகிழத்தை மறந்துவிடலாம். சாலையோரக் கன்றுகள் தாகத்தால் மட்டுமல்ல, வேருக்குக் காற்றில்லாமலும் சாகின்றன.

களிமண்ணில் ஆழக்குழி வெட்டி, மணலும் எருவும் கொட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. சுற்றிலும் உள்ள மழைநீர் அந்த இளகிய மண்ணுக்குள் இறங்கும், வெளியேற வழியிராது. நீங்கள் கட்டிக்கொடுத்தது தொட்டி. வேர்க்கட்டியின், அதாவது கன்றின் வேரோடு வரும் மண்ணுருண்டையின், உயரமே ஆழத்துக்குப் போதும், அகலம் அதைப்போல் மூன்று மடங்கு. பக்கங்களைக் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். எடுத்த மண்ணையே, கல் பொறுக்கிவிட்டு, திரும்பப் போடுங்கள். எரு மேலே மூடாக்காக இருக்கட்டும்.

இடிபாட்டில் சுண்ணாம்பும் சிமென்ட்டும் இருக்கும். மண்ணில் காரம் ஏறினால் வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மஞ்சளாகும். இதைத் தாங்கப் புங்கம்தான் என் தேர்வு. கோடையில் கொஞ்ச நாள் இலை கொட்டும், உடனே துளிர்த்துவிடும். அதைக்கூடப் பொறுக்காதவருக்கு நான் என்ன சொல்ல?

கரையோரம்:
புன்னையை விட்டுவிட்டீர்களே! தடித்த வழவழப்பான இலை, மழை வந்தால் புழுதி கழுவிப் போய்விடும்.

நாற்றுமேடை:
உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் புன்னைக்கு நிகரில்லை. ஆனால் இது சேறு நிற்கும் களி. வளர்ச்சியும் மெதுவானது.

வெயில்வாசல்:
சோதித்தேன். மறுநாள் காலையிலும் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

நாற்றுமேடை:
அப்படியானால் ஓர் அடி உயரத்துக்கு அகலமான மேடு போட்டு, அதன்மேல் புங்கம் வையுங்கள். கம்பிக்குக் கீழே மட்டும் மரமே வேண்டாம். நெட்டிலிங்கம் வைத்தால் ஆண்டுதோறும் நுனியை வெட்டி அதன் அழகையே கெடுப்பார்கள். அங்கே அரளி போதும், வறட்சியையும் புகையையும் தாங்கும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. ஆடுமாடோ சிறு குழந்தைகளோ நடமாடும் இடமென்றால் அதுவும் வேண்டாம். மேட்டுக்கு மண் கொண்டுவரும்போது சல்லடையில் சலித்த மண் வேண்டாம், கட்டியும் பொடியும் கலந்ததே நல்லது.