வாட்ஸ்அப் குழு: யாழினி காதுகுத்து 2019

காலை 8:41

ராஜி அக்கா: சித்தப்பா, கடையை மூடிவிட்டீர்களா?

ராஜி அக்கா: என் கூட வேலை பார்க்கிற டீச்சர் நேற்று ஓசூரிலிருந்து கொலுசு வாங்க சேலம் வந்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து மேப்பைத் திறந்தால் நம் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’. பக்கத்திலேயே வேறு கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சுந்தரி அத்தை: ஐயோ தம்பிக்கு என்ன ஆச்சு

சுந்தரி அத்தை: யாராவது போன் எடுங்கள்

நான்: அத்தை, அப்பா நன்றாக இருக்கிறார். கூகுளில்தான் மூடியிருக்கிறது.

அம்மா: இட்லி ஆறுகிறது என்று அவரிடம் யாராவது சொல்லுங்கள். நான் மூன்று தடவை கூப்பிட்டாயிற்று.

அப்பா: உயிரோடுதான் இருக்கிறேன்

அப்பா: கடையும்

பெரியப்பா: எத்தனை ஜோடி வாங்கினாராம்?

ராஜி அக்கா: அப்பா, இப்போது அதுவா முக்கியம்?

பெரியப்பா: தெரிந்தால்தானே நஷ்டம் எவ்வளவு என்று தெரியும்.

ராஜி அக்கா: கல்யாணத்துக்கு. ஐந்து ஜோடி.

அப்பா: ஐந்தா

காலை 9:05

ஏற்காடு மாமா: எல்லோருக்கும் வணக்கம். மாப்பிள்ளை, இதை லேசாக விடாதீர்கள். மேப்பில் யார் வேண்டுமானாலும் ‘இந்தக் கடை மூடிவிட்டது’ என்று திருத்தம் அனுப்பலாம். கூகுள் சில சமயம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். விருந்தினருக்கு வாடகைக்கு விடும் நம் மூன்று அறை வீட்டை நான் முதலில் மேப்பில் ஏற்றியபோது புள்ளி ஏரிக்கரையில் போய் விழுந்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த குடும்பம், படகுத் துறையில் நின்றுகொண்டு என்னைப் பிடிபிடி என்று பிடித்தது. குழந்தை வேறு வழியெல்லாம் வாந்தி. அன்றைக்கு உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஒரு ரூபாய் செலவில்லை. முதல் வேலை, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது. உரிமையாளராக உள்ளே போனால் ‘திறந்திருக்கிறது’ என்று நாமே மாற்றிவிடலாம். அதுவரை குழுவில் இருக்கிற எல்லோரும் மேப்பில் போய்க் கடை திறந்திருக்கிறது என்று ஒரு திருத்தம் அனுப்புங்கள். அப்புறம் இன்னொரு முக்கியமான

ஏற்காடு மாமா: சிக்னல் போகிறது

அப்பா: எந்தக் கணக்கு

நான்: 2017இல் பிரபு அண்ணன் போட்டது. தாத்தா இருந்தபோது.

சுந்தரி அத்தை: பிரபு பார்த்துவிட்டான். நீல டிக் விழுந்திருக்கிறது.

பிரபு அண்ணன்: மீட்டிங்கில் இருக்கிறேன்

ராஜி அக்கா: மீட்டிங்கில் டைப் அடித்து அடித்து அழிக்கிறாய். என்ன விஷயம்?

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு அண்ணன்: சரி. சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்பா கடைவீதிக் கடையைக் காலி பண்ணினார் இல்லையா? மேப்பில் அதை மூடலாம் என்று போனேன். இரண்டு கடைக்கும் தாத்தா பெயர். சின்னத் திரையில் இரண்டு புள்ளி. மாற்றி அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

பெரியப்பா: காலி பண்ணவில்லை. வாடகை ஏறியது, வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். வார்த்தையைப் பார்த்துப் போடு.

அப்பா: ஒரே பெயரில் இரண்டு பலகை வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்

பெரியப்பா: யார் அப்பா பெயர் அது?

சுந்தரி அத்தை: எனக்கும்தான் அப்பா. என் பெயரில் பலகை ஏதாவது தொங்குகிறதா?

அம்மா: இட்லியை எடுத்து வைத்துவிட்டேன். இனி மத்தியானம்தான்.

காலை 10:20

ஏற்காடு மாமா: சிக்னல் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். பழைய கணக்கின் பாஸ்வேர்ட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ‘இது என் கடை’ என்று மாப்பிள்ளையின் ஜிமெயிலிலிருந்து உரிமை கேட்கலாம். பழைய கணக்குக்குத் தகவல் போகும், மூன்று நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் பெரும்பாலும் நாமே சரிபார்ப்பு முடித்து எடுத்துக்கொள்ளும் வழி கிடைக்கும். இப்போது அதற்கு வீடியோ கேட்கிறார்கள். ஒரே மூச்சில், வெட்டாமல் எடுக்க வேண்டும். தெரு, பக்கத்துக் கடைகள், நம் பலகை, அப்புறம் மாப்பிள்ளை தன் கையால் சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே தராசும் கல்லாவும். முகம் தேவையில்லை. நான் எடுத்தபோது நாய் குறுக்கே வந்தது, பரவாயில்லை, ஏற்றுக்கொண்டார்கள்.

அப்பா: ஷட்டர் திறந்தாயிற்று

நான்: நாளைக்குக் காலையில் எடுக்கலாம் அப்பா.

அப்பா: கூகுளிலிருந்து என்று சொல்லி போன வாரம் ஒருவர் பேசினார். 4,999 கட்டினால் நம் கடையை முதலில் காட்டுவாராம்

அம்மா: கட்டிவிட்டாரா? கவிதா, அவர் கட்டிவிட்டாரா என்று கேள்.

அப்பா: கடைக்கு வாருங்கள், டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றேன். வைத்துவிட்டார்

ஏற்காடு மாமா: நல்ல வேலை செய்தீர்கள். மேப்பில் கடை இருப்பதற்குக் காசே கிடையாது. அப்படிக் கேட்டுப் பேசுகிறவன் கூகுள் ஆள் இல்லை.

பிரபு அண்ணன்: என்னைக் கேட்டால் ஒரு வெப்சைட் போட்டுவிடலாம்.

அப்பா: 2020இல் ஒருவர் 8,000 வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார். அடுத்த வருடம் திறந்தால் ரம்மி விளம்பரம் ஓடுகிறது

பிரபு அண்ணன்: வெப்சைட் முகவரியை அவர் பெயரில் வாங்கியிருப்பார் சித்தப்பா. புதுப்பிக்காமல் விட்டிருப்பார். காலாவதியான முகவரியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

ஏற்காடு மாமா: மேப் கணக்கோடு முன்பு இலவசமாக ஒரு பக்கமும் கிடைத்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். என்னுடையதும் போயிற்று. இப்போதைக்கு வெப்சைட் தேவையே இல்லை. வாட்ஸ்அப் பிசினஸ் போதும். அதில் 500 பொருள் வரை படத்தோடு கேட்டலாக் வைக்கலாம். இரவில் யாராவது கேட்டால் ‘காலை 10 மணிக்குப் பதில் சொல்கிறோம்’ என்று அதுவே சொல்லிவிடும். நான் மிளகுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சுந்தரி அத்தை: மிளகு என்றதும் ஞாபகம் வந்தது. ராஜி, உனக்கு அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆடித் திருவிழா வண்டி வேடிக்கைக்கு வருவாய்தானே?

ராஜி அக்கா: லீவு கிடைத்தால். குகைப் பகுதியில் யார் வீட்டு மாடி இந்தத் தடவை?

பெரியப்பா: நம் மாடிதான். எப்போதும்.

அம்மா: போன வருடம் மாதிரி நாற்பது பேருக்கு என்னால் சமைக்க முடியாது. தட்டுவடை செட் வெளியில் சொல்லிவிடுங்கள்.

அப்பா: விலை போட முடியாது. வெள்ளிக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை

ஏற்காடு மாமா: போட வேண்டாம். விலைக் கட்டத்தைக் காலியாக விடலாம். கிராம், எத்தனை அங்குலம், முத்து வைத்ததா வைக்காததா, இவ்வளவு போதும். ‘அன்றைய வெள்ளி விலை, கூலி தனி’ என்று ஒரு வரி.

பெரியப்பா: எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்றும் எழுத வேண்டும். அதை எழுதாமல் கிராமை மட்டும் எழுதினால் ஏமாற்று.

அப்பா: எழுதுவேன். நான் எப்போது மறைத்தேன்

பெரியப்பா: பொதுவாகச் சொன்னேன்.

ராஜி அக்கா: அந்த டீச்சரும் ஹால்மார்க் உண்டா என்றுதான் முதலில் கேட்டார்.

அப்பா: 2025 செப்டம்பரில் வெள்ளி முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் வந்தது. விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கனமான உருப்படிக்குப் போடுகிறேன்

காலை 11:32

அப்பா: (படம்)

அப்பா: இது சரியா

ராஜி அக்கா: சித்தப்பா, தட்டுக்குள் நீங்கள் பனியனோடு நிற்கிறீர்கள்.

பிரபு அண்ணன்: மேலே ட்யூப்லைட்டும் தெரிகிறது. அதில் பல்லியும்.

சுந்தரி அத்தை: தம்பி இளைத்துவிட்டான்

அம்மா: இட்லி சாப்பிட்டால்தானே

ஏற்காடு மாமா: வெள்ளியைப் படம் எடுப்பது கண்ணாடியைப் படம் எடுப்பது மாதிரி. எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வையுங்கள், நேர் வெயில் கூடாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் பக்கமும் வெளுக்கும். போனை நேர் மேலே பிடிக்காமல் சாய்த்துப் பிடியுங்கள். கடையில் இருக்கிற சிவப்பு வெல்வெட் தட்டு வேண்டாம், அந்தச் சிவப்பு கொலுசில் ஏறி செம்பு கலந்த மாதிரி தெரியும். கறுப்புத் துணி இருக்கிறதா?

நான்: அம்மாவின் கறுப்பு வெல்வெட் ரவிக்கை இருக்கிறது.

அம்மா: தொடாதே

காலை 11:58

அப்பா: (படம்)

ராஜி அக்கா: ஆஹா! இது நன்றாக இருக்கிறது. அரும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. திருகாணிகூடத் தெரிகிறது.

அம்மா: அது என் ரவிக்கை

சுந்தரி அத்தை: நானும் என் பங்குக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன். ‘என் தம்பி கடை. தங்கமான பையன். வெள்ளி நயம்.’

ஏற்காடு மாமா: நீ ஏன் போட்டாய்? சொந்தக்காரர்கள் போடக் கூடாது. கூகுள் எடுத்துவிடும். வாங்கினவர்களுக்கு லிங்க் அனுப்பிக் கேட்க வேண்டும். அதற்காகத் தள்ளுபடி கொடுப்பதும் கூடாது.

சுந்தரி அத்தை: நம் வீட்டுக்கு நீங்கள் உங்கள் அக்கா பிள்ளைகள் ஆறு பேரை வைத்துப் போடவில்லையா?

ஏற்காடு மாமா: அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.

ஏற்காடு மாமா: அப்புறம் ஒரு விஷயம். பெயர், முகவரி, நம்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேப், வாட்ஸ்அப், பில் புக், கொலுசு போட்டுக் கொடுக்கிற பர்ஸ். ஆளுக்கொரு நம்பர் இருந்தால் வாடிக்கையாளர் எதை நம்புவார்?

அப்பா: பர்ஸில் இன்னும் எங்கள் அப்பா நம்பர்தான் இருக்கிறது. மொத்தமாக அச்சடித்தது, தீரவில்லை

பிரபு அண்ணன்: ஒரு நிமிடம். பழைய ஜிமெயிலைத் திறந்து பார்த்தேன். கோட் அனுப்புகிறேன் என்கிறது. கடைசி இரண்டு எண் 47.

நான்: தாத்தா நம்பர்.

ராஜி அக்கா: போச்சு

பிரபு அண்ணன்: மூன்று மாதம் சும்மா கிடந்தாலே ப்ரீபெய்ட் நம்பரை நிறுத்திவிட்டு, அப்புறம் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். தாத்தா போய் ஐந்து வருடம். சரி, மாமா சொன்ன மாதிரி மூன்று நாள் வழிதான்.

பெரியப்பா: அந்த நம்பர் இருக்கிறது.

பிரபு அண்ணன்: எங்கே?

பெரியப்பா: பீரோவில். பட்டன் போன். மாதா மாதம் ரீசார்ஜ் பண்ணுகிறேன்.

ராஜி அக்கா: எதற்கு அப்பா?

பெரியப்பா: பர்ஸைப் பார்த்து யாராவது அடிப்பார்கள். கொலுசு அறுந்துவிட்டது, முத்து விழுந்துவிட்டது என்று.

நான்: நீங்கள் என்ன சொல்வீர்கள் பெரியப்பா?

பெரியப்பா: உங்கள் அப்பா கடைக்கு வழி சொல்வேன். வேறென்ன சொல்வது?

மதியம் 12:40

ஏற்காடு மாமா: அப்படியானால் கோட் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. வாட்ஸ்அப் பிசினஸையும் அந்த நம்பரிலேயே போட்டுவிடலாம், பர்ஸையும் மாற்ற வேண்டியதில்லை. தினமும் யார் பதில் சொல்வது என்பதை மட்டும் முடிவு பண்ணுங்கள். அரை நாள் பதில் வராவிட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அப்பா: கவிதா

நான்: நானா?

அம்மா: அவளுக்குப் பரீட்சை

பிரபு அண்ணன்: அப்பா, இப்போது கோட் அனுப்பட்டுமா? போனை எடுத்துச் சொல்வீர்களா?

பெரியப்பா: போனில் எல்லாம் சொல்ல மாட்டேன். கேட்கிறவன் வீட்டுக்கு வந்து கேட்கட்டும். வாசல் தாண்டி எத்தனை மாதம் ஆயிற்று?

சுந்தரி அத்தை: அண்ணா

அப்பா: சாயங்காலம் கடையை மூடிவிட்டு வருகிறேன்

ராஜி அக்கா: மூடிவிட்டு என்று இந்தக் குழுவில் எழுதாதீர்கள் சித்தப்பா

பெரியப்பா: எட்டு மணிக்கு மேல் வராதே, நான் படுத்துவிடுவேன்.

அப்பா: கடை எட்டரைக்குத்தான்

பிரபு அண்ணன்: முதலில் இந்தக் குழுவின் பெயரை மாற்றுங்கள். யாழினி நான்காவது படிக்கிறாள்.

சுந்தரி அத்தை: தட்டுவடை செட் எத்தனை பேருக்குச் சொல்வது?