புதுப்பிப்பு: ஆஸ்திரேலியக் கணினிச் சங்கத்தின் திறன் மதிப்பீடு முடிந்தது

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு 11 ஆண்டுகளாக மென்பொருள் எழுதும் என்னை இச்சங்கம் கணினித் துறையினராக ஏற்குமா என்று முன்பு கேட்டிருந்தேன், ஏற்றுக்கொண்டது. 1966இல் தொடங்கிய இச்சங்கம் தொழில்முறை அமைப்புதான் என்றாலும், குடியேற விண்ணப்பிக்கும் கணினித் துறையினரின் தகுதியை எடைபோடும் பொறுப்பும் அதனிடமே இருக்கிறது. கணினிப் பட்டம் இல்லாததால் நான் செய்த 2 திட்டப்பணிகளைப் பற்றி விரிவான அறிக்கைகள் எழுதித் தர வேண்டியிருந்தது. அதைவிட அலைக்கழித்தது அனுபவச் சான்றிதழ்தான்: பழைய நிறுவனம் பதவிப் பெயரையும் தேதிகளையும் மட்டும் குறிப்பிட்டிருந்ததால், அன்றாடம் நான் பார்த்த வேலைகளை வரிவரியாகச் சேர்த்து, நிறுவனத்தின் பெயர் பொறித்த தாளில் மீண்டும் வாங்க 3 வாரம் ஆனது. கணினிப் பட்டத்துக்கு ஈடாக, இறுதிக் கடிதத்தில் என் அனுபவத்திலிருந்து 6 ஆண்டுகளைக் கழித்துவிட்டார்கள் (எதிர்பார்த்ததுதான், ஆனாலும் உறுத்துகிறது). மீதமுள்ள 5 ஆண்டுகளுக்கு, குடியேற்ற விசாவுக்கான புள்ளிக் கணக்கில் 10 புள்ளிகள் கிடைக்கும்.