எச்டி 650, டிடி 990 ப்ரோ, சுந்தரா: மூன்று ஓப்பன் பேக் ஹெட்போன்களுக்கும் ஒரே ஆம்ப் போதுமா?

கேள்வி

கையில மூணு ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த) ஹெட்போன் இருக்கு: சென்ஹைசர் எச்டி 650 (300 ஓம்), பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ (250 ஓம்), ஹைஃபைமேன் சுந்தரா (37 ஓம், பிளேனர் வகை, அதாவது காந்தங்களுக்குப் பக்கத்துல தட்டையான சவ்வு அதிர்றது). இப்போ ஓட்டுறது 1 வோல்ட் தரும் யுஎஸ்பி டாங்கிள்ல. தனியா ஒரு டாக்கும் (டிஜிட்டல் ஒலியை அனலாக்கா மாத்துற கருவி) இருக்கு, லைன் அவுட் 2 வோல்ட். அதுக்குப் பின்னால ஒரு ஆம்ப் சேர்க்கணும். பார்த்து வெச்சிருக்கிறது ரெண்டு: ஒண்ணு சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர் வகை), அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்போட சொந்த உள் மின்தடை) 1 ஓமுக்குக் கீழே. இன்னொண்ணு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வால்வு ஆம்ப், அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம்.

300 ஓம் ஓட்டக் கஷ்டம், 37 ஓம் சுலபம்னு எடுத்துக்கலாமா? பிளேனர்னா பவர் நிறைய வேணும்னு சொல்றாங்களே? டிடி 990-இன் குத்துற ட்ரெபிளை "வார்ம்" ஆம்ப் அடக்குமா?

மறுமொழி 1

ஓம் எண்ணை மட்டும் வெச்சு முடிவுக்கு வர முடியாது. எவ்வளவு சத்தம் வரும்னு சொல்றது சென்சிடிவிட்டி. அதை ரெண்டு விதமா அச்சடிக்கிறாங்க: 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல், இல்லன்னா 1 வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல். ரெண்டையும் அப்படியே பக்கத்துல வெச்சு ஒப்பிட்டா கணக்கு தப்பிடும், அதனால எல்லாத்தையும் வோல்ட்டுக்கு மாத்திக்குங்க. 1000-ஐ ஓமால வகுத்து, வர்ற எண்ணோட மடக்கையை (அடிமானம் 10) 10-ஆல பெருக்கி, மில்லிவாட் எண்ணோட கூட்டணும்.

டிடி 990 ப்ரோ 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமுக்கு 6 கூடும், ஆக 1 வோல்ட்டுக்கு 102. சுந்தரா 94, 37 ஓமுக்கு 14.3 கூடும், ஆக 108.3. எச்டி 650-க்கு சென்ஹைசர் தர்றதே வோல்ட் கணக்குதான், 103.

உச்சம் 110 டெசிபல்னு இலக்கு வெச்சுக்குவோம். சராசரியா 85-ல கேட்டாலும் நல்ல ஒலிப்பதிவுல டிரம் அடியோ ஆர்கெஸ்ட்ரா எழுச்சியோ அதுக்கு மேல 20, 25 டெசிபல் ஏறும். அதை வெட்டாம விடத்தான் இந்த இடம். (தொடர்ந்து அந்த அளவுல கேட்கிறதுக்கு இல்ல, காது போயிடும்.) எச்டி 650-க்கு 2.24 வோல்ட், 7.5 மில்லியாம்பியர். டிடி 990-க்கு 2.5 வோல்ட், 10 மில்லியாம்பியர். சுந்தராவுக்கு 1.2 வோல்ட் போதும், ஆனா 33 மில்லியாம்பியர் வேணும். உங்க கேள்விக்கான பதில் இதுலயே இருக்கு: முதல் ரெண்டும் வோல்ட் கேட்குது, சுந்தரா மின்னோட்டம் கேட்குது. டாங்கிள்ல சுந்தரா 108 வரைக்கும் போகும், 27 மில்லியாம்பியரை அது சிதையாம தந்தா. எச்டி 650 அதே டாங்கிள்ல 103-ல நின்னுடும்.

"பிளேனர்னா ஸ்பீக்கர் ஆம்ப் வேணும்"கிற பேச்சு ஹைஃபைமேனோட எச்இ-6 மாதிரி ஹெட்போனுக்குத்தான் பொருந்தும். அது 83.5 டெசிபல், 50 ஓம். 110-ஐத் தொட 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர், கிட்டத்தட்ட 450 மில்லிவாட். சுந்தராவுக்கு வேண்டியது 40 மில்லிவாட். ரெண்டும் பிளேனர்தான், நடுவுல பத்து மடங்குக்கு மேல வித்தியாசம்.

அடுத்தது கெயின், அதாவது உள்ளே வர்ற வோல்ட்டை ஆம்ப் எத்தனை மடங்கா பெருக்குதுங்கிறது. உங்க டாக் 2 வோல்ட் தருது, அதனால கெயின் 1-லயே எச்டி 650-க்கு 109 வந்துடும். ஈக்யூல (ஈக்வலைசர்) பேஸை 5 டெசிபல் ஏத்தினா, ஒலி உடையாம இருக்க அதுல உள்ள ப்ரீஆம்பை (மொத்த அளவை) 5 டெசிபல் இறக்கணும், அதை ஈடுகட்ட 4 வோல்ட் வேணும், அதாவது கெயின் 2. அதுக்கு மேல உங்களுக்குப் பெருசா தேவை வராது. கெயின் ரொம்ப அதிகமா இருந்தா வால்யூம் குமிழை அடிமட்டத்துலயே வெச்சுக் கேட்கணும். அங்கே சாதாரண பொட்டென்ஷியோமீட்டர்ல இடதும் வலதும் சமமா இருக்காது. குரல் ஒரு பக்கம் சாயுதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது இது.

ஆப்ஜெக்டிவ்2 வகை ஆம்ப் வாங்கினா இன்னொண்ணு கவனிங்க. அதுல கெயின் பகுதி வால்யூமுக்கு முன்னால இருக்கு. 2 வோல்ட் உள்ளே போய் 6.5 மடங்கானா 13 வோல்ட். அந்த சர்க்யூட் தரக்கூடியது சுமார் 7 வோல்ட்தான். வால்யூமை எவ்வளவு குறைச்சாலும் ஒலி கரகரன்னு உடைஞ்சபடியேதான் வரும். 2.5 மடங்குல வையுங்க.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அவுட்புட் இம்பீடன்ஸ். "இந்த ஆம்ப் இந்த ஹெட்போனோடு நன்றாகச் சேர்கிறது" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

எச்டி 650-இன் 300 ஓம் என்பது பெயரளவு எண். 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அது சுமார் 500 ஓம் வரை ஏறுகிறது. 120 ஓம் ஆம்பில் மாட்டினால் 300 ஓம் இருக்கும் இடங்களில் 2.9 டெசிபல் இழப்பு, 500 ஓம் இருக்கும் இடத்தில் 1.9 டெசிபல் மட்டுமே. அதாவது மேல் பேஸ் 1 டெசிபல் தூக்கிக் கொடுக்கப்படுகிறது. ஓடிஎல்லோடு எச்டி 650 கதகதப்பாக ஒலிப்பதாகச் சொல்வதில் இந்த 1 டெசிபலுக்குப் பங்கு உண்டு; வால்வின் இரண்டாம் ஹார்மோனிக் சிதைவும் (இரு மடங்கு அதிர்வெண்ணில் சேரும் ஒலி) சத்தம் கூடும்போது சேர்ந்துகொள்ளும். அது பிடித்திருந்தால் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் வாங்கும் முன் ஈக்யூவில் 90 ஹெர்ட்ஸில் 1 டெசிபல், க்யூ (திருத்தம் எவ்வளவு குறுகலானது என்ற எண்) 0.8 வைத்து ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

சுந்தராவை அந்த ஓடிஎல்லில் மாட்டாதீர்கள். அதன் இம்பீடன்ஸ் நேர்கோடாக இருப்பதால் தொனி மாறாது. ஆனால் 37 ஓமுக்கு 120 ஓம் எதிரே நிற்கும்போது 12.6 டெசிபல் ஆம்புக்குள்ளேயே போய்விடும். ஹெட்போனில் 1.2 வோல்ட் வர ஆம்ப் உள்ளே 5 வோல்ட்டுக்கு மேல் உருவாக்க வேண்டும், கூடவே 33 மில்லியாம்பியரும் தர வேண்டும். சிறிய வால்வுகள் அங்கே திணறும். 32 ஓம் டைனமிக் (காயில் டிரைவர் உள்ள) ஹெட்போன் என்றால் இன்னும் மோசம்: பேஸில் 60 ஓமுக்கு ஏறும் ஒன்றில் 4 டெசிபல் புடைப்பு வந்து பேஸ் குழைந்துவிடும். ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் இம்பீடன்ஸ் போகக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

டிடி 990-இன் ட்ரெபிள் டிரைவரிலும் அதன் உறையிலும் உருவாவது. 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அந்த முனையை எந்த நேர்மையான ஆம்பும் தொடாது. ஈக்யூவில் அங்கே 5 டெசிபல் இறக்குங்கள், க்யூ 2 அல்லது 3. முனை ஒவ்வொருவர் காதிலும் சற்று நகரும் என்பதால் 7 முதல் 9.5 வரை மெதுவாக ஓட்டி, "ஸ்" ஒலி எங்கே அதிகம் கடிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பஞ்சு தட்டையாகிவிட்ட பேடையும் மாற்றுங்கள்; காது டிரைவரை நெருங்கினால் எல்லாமே மாறும்.

ஓடிஎல் எடுத்தால் ஒழுங்குமுறை: வால்யூம் பூஜ்யம், ஆம்பை ஆன் செய்து சில நிமிடம் வால்வு சூடாகட்டும், பிறகு பிளக்கை முழுவதுமாக உள்ளே தள்ளுங்கள். முன்பே மாட்டியிருந்தால் அவுட்புட் கெப்பாசிட்டர் ஹெட்போன் வழியாகச் சார்ஜ் ஆகும்போது பெரிய "தொப்" வரும். அடிமூடியைத் திறக்கவே வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் வோல்ட் தேங்கி நிற்கலாம்.

கேட்டவர்

புரிஞ்சுது, சாலிட் ஸ்டேட்தான். பேலன்ஸ்டு அவுட்புட் உள்ளதா எடுக்கணுமா? வாங்கின பிறகு டாங்கிளோட எப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறது?

மறுமொழி 3

பேலன்ஸ்டு (இடது, வலது ரெண்டுக்கும் நெகட்டிவையும் ஆம்ப் தனித்தனியா ஓட்டுறது) தர்றது இரு மடங்கு வோல்ட், அதாவது 6 டெசிபல். அவுட்புட் இம்பீடன்ஸும் கூடவே இரட்டிக்கும். சாதாரண சாக்கெட்லயே 5 வோல்ட் வர்ற ஆம்ப்ல உங்க மூணுக்கும் அது தேவையில்லை. டிடி 990 ப்ரோவோட கேபிள் கழட்ட முடியாதது, அறுத்து மாத்தினாத்தான் பேலன்ஸ்டு ஆகும். அந்த வேலை வேண்டாம். எச்டி 650, சுந்தரா ரெண்டுக்கும் கேபிள் மாத்தினாப் போதும்.

எடுத்தீங்கன்னா ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. நாலு பின் எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு அவுட்புட்ல சாதாரண 6.35 மில்லிமீட்டர் பிளக்குக்கு மாத்துற அடாப்டரைப் போடவே கூடாது. பின் 2 இடதோட நெகட்டிவ், பின் 4 வலதோட நெகட்டிவ். ரெண்டையும் ஆம்ப் தனித்தனியா ஓட்டுது. சாதாரண பிளக் ரெண்டையும் சேர்த்துக் கட்டிடும், அவுட்புட் பகுதி எரியலாம். திருப்பிப் போடுறது, அதாவது பேலன்ஸ்டு கேபிளைச் சாதாரண சாக்கெட்ல மாட்டுற அடாப்டர், பாதுகாப்பானது.

ஒப்பிடுறதுக்கு மல்டிமீட்டர் வேணும். 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஓட விட்டு, ஹெட்போன் மாட்டின நிலையிலேயே பிளக்கோட நுனிக்கும் அடிக்கும் நடுவுல ஏசி வோல்ட் பாருங்க. டாங்கிள்ல 0.300 வந்தா ஆம்ப்லயும் 0.297-இல் இருந்து 0.303-க்குள்ள கொண்டு வாங்க. 0.5 டெசிபல் கூட இருக்கிறது காதுக்கு "சத்தம் அதிகம்"னு படாது, "தெளிவு அதிகம்"னு படும். இங்கேதான் பல ஒப்பீடு கெட்டுப் போகுது.

அதே மல்டிமீட்டர்ல ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸையும் அளக்கலாம். எதுவும் மாட்டாம 0.500 வோல்ட் வெச்சுட்டு, 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போடுங்க, கால் வாட் வகை போதும். முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்து, 1 கழிச்சு, 33-ஆல பெருக்கணும். 0.400-க்கு இறங்கினா 8 ஓமுக்குக் கொஞ்சம் மேல, சுந்தராவுக்கு எட்டில் ஒரு பங்கு கணக்குல அது அதிகம். 0.490-க்குக் கீழே இறங்கலைன்னா 1 ஓமுக்குள்ள இருக்கு, மூணையும் தாராளமா மாட்டுங்க.