பனிக்கட்டி இல்லாமல் இறங்கிய உகுகுகள்

கொய்யூர் ரிட்டி என்கிற மலை யாத்திரைத் திருவிழாவுக்குப் போன கதை இது. பெரு நாட்டில் கூஸ்கோ பக்கம், கார்ப்பஸ் கிறிஸ்டி என்கிற கத்தோலிக்கத் திருநாளுக்கு முந்தைய நாட்களில் நடக்கும். மாவயானியில் பேருந்தை விட்டு இறங்கி 8 கிலோமீட்டர் மலையேற வேண்டும். கோயில் இருக்கும் சினகாரா பள்ளத்தாக்கே 4,600 மீட்டருக்கு மேல், அதனால் பத்து அடிக்கு ஒரு தடவை நின்றுவிட்டேன். குழந்தையையும் சட்டி பானையையும் முதுகில் கட்டிய பெண்கள் சாதாரணமாகத் தாண்டிப் போனார்கள்.

மூச்சிரைத்து உட்கார்ந்த இடத்தில் ஒரு பாட்டி கோகா இலைப் பையை நீட்டினார். நான் அப்படியே வாயில் போடப் போக, கையைத் தட்டிவிட்டார்! ஓட்டையில்லாத, நுனி உடையாத மூன்று இலைகளாகப் பொறுக்கி, பச்சைப் பக்கம் மேலே தெரிய விசிறி போல அடுக்கிப் பிடிக்க வேண்டுமாம். அதுதான் கிந்து, மலைக்குக் கொடுக்கும் காணிக்கை. அதை வாயருகே வைத்து, அவுசங்காத்தே மலையின் பெயரைச் சொல்லி மெல்ல ஊதினார். மலையை அவர்கள் அப்பு என்பார்கள், பெரியவர் என்கிற மரியாதை. நான் பொறுக்கியதில் இரண்டு இலையைத் தள்ளிவிட்டார், கிழிந்திருந்ததாம்.

கோயிலில் இருப்பது பாறையில் தெரியும் கிறிஸ்து உருவம். அதற்கு மெழுகுவர்த்தி, மலைக்கு கோகா. இரண்டில் எது உண்மையான பக்தி என்று கேட்பது வெளியூர்க்காரன் வேலை, நானும் கேட்டேன், பாட்டி சிரித்தார், அவ்வளவுதான்.

அப்புறம் உகுகுகள், திருவிழாவின் கரடி வேடக்காரர்கள். கரடி மாதிரி நூல் தொங்கும் அங்கி, கையில் சாட்டை, கீச்சுக் குரல். வேடிக்கையும் செய்வார்கள், ஒழுங்கையும் காப்பார்கள். கூட்டத்தில் ஒருவன் சாராய பாட்டிலோடு சிக்கினான், சாட்டை நிஜமாகவே விழுந்தது. ராத்திரி குளிரில் இவர்கள் பனியாறு வரை ஏறிவிட்டு, விடியும்போது சிலுவைகளோடு வரிசையாக இறங்குவார்கள்.

முன்பெல்லாம் முதுகில் பனிக்கட்டியும் வரும், அந்த உருகிய நீர் மருந்து என்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பனி சுருங்கிக்கொண்டே போவதால் வெட்டுவதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். நான் பார்த்த காலையில் ஒரு தாத்தா வரிசையை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளும் இறங்கியதும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்.