மீன் வண்டிக்குப் பின்சக்கரம் இரண்டா, நான்கா?

முதுநகர் மீன்வண்டி:
வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கும் வில்லியனூர்ப் பக்கம் சில கடைகளுக்கும் போடுகிறோம். இப்போது ஓடுவது ஒன்றரை டன் பிக்கப், பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம். வியாபாரம் கூடியிருப்பதால் இன்னொரு வண்டி எடுக்க வேண்டும். டாடா 407 போல, பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள ஆறு டயர் வண்டியாக எடு என்கிறார் அப்பா. படா தோஸ்த், யோதா மாதிரி பெரிய பிக்கப் போதும், நான்கு டயரோடு முடித்துக்கொள் என்கிறான் தம்பி. சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு. ஐஸோடு சேர்த்துச் சாதாரண நாளில் லோடு ஒன்றரை டன். மத்தியும் கானாங்கெளுத்தியும் குவியும் நாளில் இரண்டரையைத் தொடும். புதியதோ பழையதோ, இரண்டுக்கும் தயார். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆறுசக்கரம்:
அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. இரண்டரை டன்னை நான்கு டயரில் ஏற்றுகிறவன் வண்டி ஓட்டவில்லை, சாமி கும்பிட்டுக்கொண்டே போகிறான். 407 வந்தது 1986-இல். 2005-இல் டாடாவின் சின்ன வண்டியான ஏஸ் வந்தது, அதன் பின்னால் எத்தனையோ சிறு வண்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் கனமான லோடு என்றால் ஆறு டயர் வண்டியைத்தான் கூப்பிடுகிறார்கள். பின்னால் ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும், ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். ஒற்றைச் சக்கரத்தில் அது நடந்தால் வண்டியின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். மேலே உயரமாக அடுக்கிய மீன் பெட்டி, எதிரே பஸ். யோசித்துக்கொள்ளுங்கள்.

புதுவைச் சந்து:
ஐயா சொல்வது நெடுஞ்சாலைக் கணக்கு. மீன்வண்டி நண்பர் போவது நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கும் மார்க்கெட்டுக்கு. விடியற்காலையில் அங்கே வந்து பார்த்திருக்கிறீர்களா? தள்ளுவண்டி, கூடையோடு நிற்கும் பெண்கள், குறுக்கே நிறுத்திய ஆட்டோ. பிக்கப்பை ஒடித்துத் திருப்பவே நாலு பேரிடம் பேச்சு வாங்க வேண்டும். அதோடு, போகும்போதுதான் லோடு, திரும்பும்போது காலிப் பெட்டி. ஓட்டத்தில் சரிபாதி காலி. வெறும் வண்டிக்கு நான்கு பின் டயர் எதற்கு? பாரம் நான்காகப் பிரிந்துவிடுவதால் ஒவ்வொரு டயரும் தரையை அழுத்துவது குறைவு. மழை நாளில் காலி வண்டியில் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்பக்கம் எப்படி வழுக்கும் என்று ஐயாவுக்கே தெரியும்.

இன்னொன்று பர்மிட். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டாம். ஆறு டயர் எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் அடுத்த ஆட்சிப் பகுதி என்பதை மறக்க வேண்டாம்.

ஆறுசக்கரம்:
பாதி உண்மையைச் சொல்லி முழுசாக ஜெயிக்கப் பார்க்காதீர்கள். 3,000 கிலோ என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. படா தோஸ்த், யோதாவில் இரண்டு டன் பக்கம் ஏற்றும் மாடல்கள் அதைத் தாண்டியவைதான், ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அந்தத் தம்பி கேட்கும் பெரிய பிக்கப்புக்கும் பர்மிட் எடுத்தே ஆக வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலும் 7,500 கிலோ வரை ஒரே கட்டணப் படிதான். லைசென்ஸும் தடையில்லை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 407 அதற்குள் அடங்கும். காகித விஷயத்தில் இரண்டும் சமம். இனி டயரைப் பற்றிப் பேசுங்கள்.

வில்லியனூர் பஞ்சர் கடை:
டயரைப் பற்றித்தானே? நான் பேசுகிறேன். இருவரும் டயரை எண்ணுகிறீர்கள், டயர்மேல் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. சரக்கு வண்டி டயரின் பக்கச்சுவரில் 112/110 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தனியாக ஓடும்போது தாங்கும் எடைக்கான குறியீடு. 112 என்றால் 1,120 கிலோ. அடுத்தது ஜோடியாக ஓடும்போது. 110 என்றால் 1,060 கிலோ. ஜோடி போட்டால் தாங்கும் எடை இரட்டிப்பாவதில்லை, தயாரிப்பாளரே குறைத்துத்தான் எழுதுகிறார். ஏனென்றால் இரண்டு டயரும் பாரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதே இல்லை. சாலை நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. அதனால் உள் டயர்மேல் கூடுதலாக விழும். அதற்குக் காற்றோட்டமும் குறைவு, பக்கத்தில் பிரேக் டிரம்மின் சூடு வேறு.

அடுத்தது, கடையில் தினமும் நடக்கும் வாக்குவாதம். தேய்ந்த டயரை உள்ளே போடு, புதியதை வெளியே போடு என்பார்கள். பார்வைக்கு நன்றாக இருக்குமாம். டயர் மேல்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளம் புதியதில் 10 மி.மீ., பழையதில் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். இந்த அளவு டயருக்கு அது 6 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. இரண்டும் ஒரே ஹப்பில் இறுக்கியவை, ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற வழியில்லை. சுற்றளவு இரண்டரை மீட்டர் உள்ள டயர் கிலோமீட்டருக்கு 400 சுற்று சுற்றும். விட்டத்தில் 10 மி.மீ. என்றால் சுற்றளவில் 31 மி.மீ. வித்தியாசம், அதைச் சுற்றுக்குச் சுற்று போட்டால் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் தூரம் டயர் உருளாமல் தரையில் தேய்கிறது. இங்கிருந்து கடலூர் போய்த் திரும்புவதற்குள் எவ்வளவு ரப்பர் போகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்து டயர் தாங்கும் என்று ஐயா சொன்னது சரி, ஆனால் அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். உள் டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. வெளி டயர் நிமிர்ந்து நிற்கும், பாரம் முழுவதையும் அது ஒன்றே சுமக்கும், சூடேறி அதுவும் போகும். இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். காற்று உள்ள டயர் 'டங்' என்று கம்பியைத் திருப்பி எறியும். இறங்கிய டயர் 'பொத்' என்று வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருந்தால் கையோடு எடுத்துவிட வேண்டும், பின்னால் வருகிறவன் கண்ணாடியில் அடிக்கும்.

புதுவைச் சந்து:
பஞ்சர் கடை அண்ணனுக்கு நன்றி. என் கட்சிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார்.

வில்லியனூர் பஞ்சர் கடை:
நான் யார் கட்சியும் இல்லை. ஒற்றைச் சக்கரப் பிக்கப்பில் இரண்டரை டன் ஏற்றி வருகிறவர்கள் டயரையும் நான்தான் கழற்றுகிறேன். பக்கச்சுவரில் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். காற்றை இன்னும் ஏற்று என்பார்கள். ஏற்றமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போவார்கள்.

டல்லாஸில் கடலூர்க்காரன்:
ஊர்ப் பேச்சைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். இங்கே ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 போன்றவற்றை ஒற்றைச் சக்கரம், இரட்டைச் சக்கரம் என இரண்டு விதமாகவும் விற்கிறார்கள். வாங்குகிறவர் தேர்ந்துகொள்ளலாம். இரட்டை எடுப்பவர்களில் பெரும்பாலோர் கனத்த டிரெய்லர் இழுப்பவர்கள். பக்கக் காற்று அடித்தால் டிரெய்லர் வண்டியை ஆட்டிப் பார்க்கும், அப்போது அகலமான பின்பக்கம் உதவும். மற்றபடி தினமும் கடைகண்ணிக்குப் போகிறவர்களுக்கு அது தொல்லை. எட்டு அடி அகலம், பின் மட்கார்டு தவில் போலப் புடைத்திருக்கும், எங்கே நிறுத்தினாலும் இரண்டு இடம் வேண்டும்.

பட்டறைக்காரன்:
அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். அங்கே அதே பிக்கப், டயர் மட்டும் வெளியே நீட்டிக்கொள்கிறது. இங்கே நீங்கள் பேசும் பிக்கப்புகளில் அந்த வசதி இல்லை, நமக்குக் கேள்வி பிக்கப்பா லாரியா என்பதுதான். ஆறு டயர் லாரியில் நான்கு பின் டயருக்கும் இடம் விட வேண்டும் என்பதால் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் உள்ளே நெருங்கி உட்காரும். லோடு சாய்வதைத் தடுப்பதில் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும் பங்கு உண்டு. ஆகவே ஆறு டயர் என்றாலே கவிழாது என்று நம்பி மீன் பெட்டியை வானத்துக்கு அடுக்கக் கூடாது.

பிக்கப் கட்சிக்கும் ஒன்று சொல்கிறேன். பட்டறைக்கு வந்து, கூடுதலாக இரண்டு பட்டை போடுங்கள், டயரைப் பெரிதாக்குங்கள் என்பார்கள். பட்டை போட்டால் வண்டி தாழாது, அவ்வளவுதான். பின் அச்சின் ஹவுசிங், வீல் பேரிங், பிரேக் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையும் மாறாது. கூடுதல் லோடுக்கு 2019 திருத்தச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. மிகுதியை இறக்கும் செலவும் நம் தலையில். இறக்குவது மீன் என்றால் மதியத்துக்குள் அது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதுநகர் மீன்வண்டி:
அனைவருக்கும் நன்றி. ஒரு தகவல் விட்டுப்போனது. வாரத்தில் சில நாள் துறைமுகத்துக்குப் போகாமல் தாழங்குடா கடற்கரையில் ஃபைபர் படகிலிருந்தே எடுக்கிறோம். கடைசிக் கொஞ்ச தூரம் மணல்.

ஆறுசக்கரம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! எத்தனை பேர் எவ்வளவு எழுதியிருக்கிறோம்!

புதுவைச் சந்து:
மணல் என்று வந்த பிறகு பேச்சே இல்லை. ஒற்றைச் சக்கர வண்டியில் முன் டயர் மிதித்துப் போன தடத்திலேயே பின் டயரும் போகும். ஜோடி டயருக்கு அந்தத் தடம் போதாது, பக்கத்து மணலைப் புதிதாக மிதித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சேற்றில் இன்னும் மோசம், இரண்டு டயருக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வடிந்த ஊர்களுக்குச் சாமான் கொண்டுபோன வண்டிகளில் அதைப் பார்த்தோம். கடப்பாரையால் குத்தி எடுத்தார்கள்.

ஆறுசக்கரம்:
மணலுக்குப் பிக்கப் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒரு பிக்கப் இருக்கிறதே! தாழங்குடாவுக்கு அது போகட்டும். இரண்டாவது வண்டியும் அதே வேலைக்குத்தான் என்றால் எதற்கு இரண்டாவது? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, தவணை மட்டும் நிற்காது. அதே மாதங்களில் பண்ருட்டியில் பலா. ஆறு டயர் வண்டி இருந்தால் பலாவோ முந்திரி மூட்டையோ சவுக்குக் கட்டையோ ஏற்றி வாடகை பார்க்கலாம். பிக்கப்பில் சவுக்குக் கட்டை ஏற்றினால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

புதுவைச் சந்து:
பத்து மாதம் மீன் தண்ணீரில் ஊறிய வண்டியில் பலாப்பழமா? வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். சவுக்குக் கட்டை வேண்டுமானால் சரி, அதற்கு மூக்கு கிடையாது. இரண்டரை டன் வருவது மாதத்தில் சில நாள்தான். அன்றைக்கு மட்டும் துறைமுக வாசலில் ஒரு 407 வாடகைக்குப் பிடித்தால் போகிறது. ஆண்டு முழுக்க ஆறு டயருக்குத் தீனி போட வேண்டாம்.

ஆறுசக்கரம்:
மத்தி குவியும் நாளில் துறைமுக வாசலில் சும்மா நிற்கும் 407 ஒன்றைக் காட்டுங்கள். அன்றைக்கு எல்லாருக்கும் வண்டி வேண்டும், வாடகை அவன் சொல்வதுதான்.

முதுநகர் மீன்வண்டி:
அப்பா சொல்வதும் இதேதான். மீன் நிறைய வந்த நாளில் வாடகை வண்டிக்காரர் எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போன கதை எங்களுக்கும் உண்டு. எடைமேடைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு டன்னைத் தாண்டும் நாள் நான் நினைத்ததைவிட அதிகம், ஒன்றரை டன் பிக்கப்பில் இதுவரை ஓட்டியது தவறு என்று தம்பியே சொல்கிறான். மணலுக்குப் பழைய பிக்கப், துறைமுகத்துக்கு ஆறு டயர் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. மார்க்கெட் சந்துக்குள் ஆறு டயர் போக வேண்டாம், வெளியே நிறுத்திச் சின்ன வண்டியில் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா.

புதுவைச் சந்து:
மாற்றுக் கூலி, ஐஸ் கரையும் நேரம் இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறமும் ஆறு டயர்தான் என்றால் சரி, உங்கள் பணம். நான் இன்னும் பிக்கப் பக்கம்தான்.

முதுநகர் மீன்வண்டி:
பஞ்சர் கடை அண்ணா, புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் பழைய ஆறு டயர் வண்டி ஒன்று விலைக்கு நிற்கிறது. அதுவும் மீன் ஓட்டிய வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துத் தர முடியுமா?

வில்லியனூர் பஞ்சர் கடை:
மதியத்துக்கு மேல் வருகிறேன். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், வெளி டயரைக் கழற்றாமல் உள் ரிம் தெரியாது என்று யாராவது சாக்குச் சொன்னால் நாமே கழற்றிவிடலாம். உப்புத் தண்ணீர் சொட்டிய வண்டியில் உள் ரிம்மின் ஓரம் செதில் செதிலாக உரிந்திருக்கும், நட்டின் மரையும் போயிருக்கும். நான்கு பின் டயரின் பள்ளத்தையும் அளந்து பார்ப்போம். விற்கிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: நான் வருவதற்கு முன்னால் வண்டியைக் கழுவ வேண்டாம்.