பூனையைக் கண்டால் விறைத்து நிற்கும் நாய், என்ன செய்யலாம்?

செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறோம். ஆரியங்காவு சாலையில் அடிபட்டுக் கிடந்த நாட்டு நாயை எடுத்து வந்து 19 நாள் ஆகிறது. பெட்டை, இரண்டு வயது இருக்கலாம். கால் ஆறிவிட்டது, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆடுகளோடு பிரச்சினையே இல்லை. கிடா முட்ட வந்தால் இவள்தான் ஒதுங்குகிறாள்.

சிக்கல் எங்கள் பூனையிடம். அதைக் கண்டதும் வாயை மூடி, காதை முன்னே தள்ளி, மரக்கட்டை மாதிரி நிற்கிறாள். குரைத்தால்கூடப் பரவாயில்லை, இந்த அமைதிதான் பயமாக இருக்கிறது.

முதல் 10 நாள் தனி அறை. அப்புறம் துண்டை மாற்றிப் போட்டு வாசனை பழக்கினேன், மூடிய கதவுக்கு இருபுறமும் சோறு வைத்தேன். அதுவரை சரி. கதவைத் திறந்தால், கயிற்றில் பிடித்திருக்கும்போதே, கோழி ஈரலைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பூனைக்கு மூன்று நாளாகச் சாப்பாடு பரண்மேல்தான்.

மறுபடி எவ்வளவு தூரத்திலிருந்து பழக்கத் தொடங்கலாம்?