அயர்லாந்துப் புராணம் கலந்த ஃபேன்டஸி நாவல் சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி. அயர்லாந்தின் பழங்கதைகளை அடித்தளமாக வைத்த ஃபேன்டஸி நாவல்கள் தேடுகிறேன். சிறகு முளைத்த குட்டித் தேவதைகள் வேண்டாம். பழைய கதைகளில் 'ஷீ' எனப்படுவோர் ஆள் உயரத்தில், அழகும் ஆபத்துமாக, மண்மேடுகளுக்கு அடியில் வாழ்பவர்கள். அந்த மிரட்டல் குறையாமல் எழுதியிருக்க வேண்டும்.

முக்கியமாக, 'கெஷ்' கதையை நகர்த்த வேண்டும். கெஷ் என்றால் ஒருவர்மேல் விழும் விலக்கு, மீறினால் அழிவு. மாவீரன் கூ குலின் நாய்க்கறி தின்னக் கூடாது, விருந்தை மறுக்கவும் கூடாது. சாகப்போகும் போருக்கு அவன் போகிற வழியில் மூன்று கிழவிகள் நாய்க்கறியைச் சுட்டுவைத்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். எப்படிப் போனாலும் ஒரு விலக்கு உடையும். வாங்கித் தின்கிறான், கறியைப் பிடித்த கை வலுவிழக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு பதறும் இடம் இது!

கூ குலின் வருகிற, வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிப் பழங்கதைகளைத் தாமஸ் கின்செல்லா 1969-ல் ஆங்கிலத்தில் தந்த நூலில் படித்தாயிற்று. இனி நாவல்தான் வேண்டும். தமிழில் இருந்தால் பதிப்பகப் பெயரோடு சொல்லுங்கள், ஆங்கிலமும் சரி. தொடர் என்றால் எந்தப் பாகத்தில் தொடங்கலாம்?